வேதம் கேட்ட கிராமம் கதவைத் திறந்தது

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வாசிக்கக் கேட்ட வேதவசனம் திங்கட்கிழமை காலையில் எங்கே போகிறது? கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தக் கேள்வி புதிதல்ல. பிரசங்கம் அருமையாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே வீடு திரும்புகிறவர்கள், மதியச் சாப்பாடு முடிவதற்குள் அது எதைப் பற்றியது என்பதையே மறந்துவிடுவதும் உண்டு. வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவனை யாக்கோபின் நிருபம், கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு நகர்ந்தவுடன் தன் சாயலை மறந்துபோகும் மனிதனுக்கு ஒப்பிடுகிறது. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளாகச் சபைகள் இதைக் கேட்டு வருகின்றன. அதனால் மறதி குறைந்துவிட்டதா என்றால், அதற்கு வரலாறு தரும் பதில் அவ்வளவு பெருமையாக இல்லை.

ஆனாலும் சில இடங்களில், சில ஆண்டுகளில், ஒரு ஊரே கேட்டதைச் செய்து காட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று பிரான்ஸ் நாட்டின் மலைக்கிராமமான லெ ஷம்போன்-சுர்-லிஞோன். காலம் 1940 முதல் 1944 வரை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நம் தாத்தா பாட்டிமார் மரவள்ளிக்கிழங்கைத் தின்று 'ஜப்பான்காரன் காலத்தை' ஓட்டிய ஆண்டுகளை ஒட்டிய காலம் என்று சொன்னால், அந்தப் பசியும் பயமும் நம் வீடுகளுக்கும் புரியும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த ஊர். குளிர்காலத்தில் 'பூர்ல்' என்று அவர்கள் அழைக்கும் வடகாற்று பனியை வாரியடித்துப் பாதைகளை மூடிவிடும். நிலம் வளமானதல்ல. கல்லால் கட்டிய பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடக்கும். அங்குள்ளவர்களில் பெரும்பாலோர் புரோட்டஸ்டண்டுகள். கத்தோலிக்கர்கள் நிறைந்த பிரான்சில் அவர்கள் ஒரு சிறு கூட்டம். 'ஹியூகநாட்' என்று வரலாற்றில் பெயர் பெற்றவர்களின் வழிவந்தவர்கள்.

அந்தச் சிறு கூட்டத்திற்கு ஒரு நீண்ட நினைவு இருந்தது. 1598-ஆம் ஆண்டு நாந்து பிரகடனத்தால் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கிடைத்தது. 1685-இல் பதினான்காம் லூயி மன்னர் அதைப் பறித்தார். பிறகு நூறாண்டுக் காலம் அவர்களுடைய ஆலயங்கள் இடிந்து கிடந்தன. போதகர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பிடிபட்ட ஆண்கள் மன்னரின் கப்பல்களில் துடுப்பு வலிக்க அனுப்பப்பட்டார்கள். மக்கள் காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் இரகசியமாகக் கூடி வேதம் வாசித்தார்கள். பெண்கள் கொண்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய வேதப் புத்தகங்களும் இருந்தன. மாரி துராண்டு என்ற இளம்பெண் 1730-இல் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டாள். தன் விசுவாசத்தை மறுதலித்தால் விடுதலை. அவள் மறுதலிக்கவில்லை. 1768-இல் வெளியே வந்தபோது 38 ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்தச் சிறையின் கல்லில் 'எதிர்த்து நில்' என்ற பொருள் தரும் ஒரு சொல் கீறப்பட்டிருக்கிறது. அதைக் கீறியவள் அவள்தான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். லெ ஷம்போன் பிள்ளைகள் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். துரத்தப்படுவது எப்படி இருக்கும் என்பதை அவர்களுக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1934-இல் அந்தச் சபைக்கு ஒரு போதகர் வந்து சேர்ந்தார். பெயர் ஆந்த்ரே ட்ரோக்மே. 1901-இல் பிறந்தவர். தாயார் ஜெர்மானியர், தகப்பனார் பிரெஞ்சுக்காரர். முதல் உலகப் போரில் அவருடைய சொந்த ஊரான சேன்-காந்தான் ஜெர்மானியர் கையில் இருந்தது. அங்கே சிறுவன் ஆந்த்ரே ஒரு ஜெர்மானிய வீரனைச் சந்தித்தான். தந்தி வேலை பார்த்த அந்த வீரன் துப்பாக்கி ஏந்த மறுத்தவன். கொல்லாதே என்று கிறிஸ்து சொன்னது தனக்கும்தான் என்று அவன் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தச் சந்திப்பு சிறுவனின் மனதில் தங்கிவிட்டது. மலைப்பிரசங்கத்தைச் சொன்னபடியே வாழ வேண்டியது என்று ட்ரோக்மே வாழ்நாள் முழுவதும் வாதாடினார். போருக்கு எதிரான இந்தப் பிடிவாதம் சபைத் தலைமைக்குப் பிடிக்கவில்லை. நிலக்கரிச் சுரங்க ஊரான சேன்-லெ-நோபிளில் பணிபுரிந்த பிறகு வேறு சபை கிடைப்பது அவருக்குக் கடினமாயிற்று. ஒதுக்குப்புறமான லெ ஷம்போன், அவரை அவருடைய கொள்கையோடு சேர்த்தே ஏற்றுக்கொண்டது.

அவருடைய மனைவி மாக்தா. இத்தாலியில் பிறந்தவர். நியூயார்க்கில் இருவரும் படித்துக்கொண்டிருந்தபோது பழக்கம் ஏற்பட்டு, 1926-இல் திருமணம் நடந்தது. மாக்தாவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் பக்திப் பேச்சு பேசுகிறவர் அல்லர். தாம் பெரிய விசுவாசி என்று ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை. யாராவது கதவைத் தட்டினால் திறப்பது, பசித்தவன் வந்தால் சூப்புப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது, இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த இறையியல். வேதத்தைக் கேட்டு நடந்த கிராமத்தின் கதையில் வேதவசனம் அதிகம் பேசாத ஒரு பெண்மணிக்கு இத்தனை பெரிய பங்கு இருப்பது வேடிக்கைதான்.

1938-இல் ட்ரோக்மேயும் எடுவார்ட் தெய்ஸ் என்ற இன்னொரு போதகரும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார்கள். தெய்ஸ் பள்ளியின் தலைமை ஆசிரியராகவும் சபையில் துணைப் போதகராகவும் இருந்தார். ஒரு வசதி முன்பே இருந்தது. நிலக்கரிப் பட்டணங்களின் நோயாளிப் பிள்ளைகளை நல்ல காற்றுக்காக மலைக்கு அனுப்பும் வழக்கம் 1893-லிருந்தே நடந்து வந்தது. ஆகவே அந்நியப் பிள்ளைகள் கூட்டமாக வந்து தங்குவது ஊருக்குப் புதிதல்ல. விடுதிகளும் இருந்தன, வளர்ப்புப் பிள்ளைகளை ஏற்றுப் பழகிய பண்ணை வீடுகளும் இருந்தன. பின்னால் நடந்ததெல்லாம் அன்பினால் மட்டும் நடந்ததல்ல. படுக்கையும் போர்வையும் ஊரில் இருந்ததாலும் நடந்தது.

1940 ஜூன் 22-ஆம் தேதி பிரான்ஸ் ஹிட்லரின் ஜெர்மனியோடு போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. தென்பகுதியில் மார்ஷல் பெத்தேன் தலைமையில் விஷி நகரைத் தலைநகராகக் கொண்டு ஓர் அரசாங்கம் அமைந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாடே தலைகுனிந்திருந்த அந்தக் காலையில் ட்ரோக்மேயும் தெய்ஸும் பிரசங்க மேடையிலிருந்து ஒரு செய்தியைக் கொடுத்தார்கள். மனசாட்சியை வன்முறையால் வளைக்க வருகிறவர்களை ஆவியின் ஆயுதங்களால் எதிர்ப்பது கிறிஸ்தவனின் கடமை என்பது அதன் சாரம். சுவிசேஷத்துக்கு விரோதமான கட்டளை வரும்போது கீழ்ப்படிய மறுக்க வேண்டும். அதை அச்சமில்லாமல், ஆனால் வெறுப்பும் இல்லாமல் செய்ய வேண்டும். அன்று ஆலயத்தில் உட்கார்ந்திருந்த விவசாயிகளில் எத்தனை பேர் அதன் முழு விலையையும் அப்போதே கணக்குப் போட்டிருப்பார்கள்?

முதலில் வந்தவை சின்னச் சின்னச் சோதனைகள். ஒவ்வொரு காலையும் கொடிக்கு முன் கைநீட்டி வணங்க வேண்டும் என்று பள்ளிகளுக்கு உத்தரவு வந்தது. லெ ஷம்போன் பள்ளியில் அது மெல்ல மெல்ல நின்றுபோனது. 1941 ஆகஸ்டு முதல் தேதி அரசாங்க விழாவுக்காக ஆலய மணியை அடிக்கச் சொன்னார்கள். மணியடிக்கும் பெண் மறுத்துவிட்டாள். மணி கடவுளுக்குரியது, மார்ஷலுக்குரியதல்ல என்பது அவள் நியாயம். அவள் இறையியல் கல்லூரியில் படித்தவள் அல்லள். இப்படிச் சிறிய காரியத்தில் மறுத்துப் பழகியவர்களுக்கே பெரிய காரியத்திலும் வாய் திறக்க வருகிறது.

பெரிய காரியம் ஏற்கனவே வாசலுக்கு வந்திருந்தது. 1940 அக்டோபரிலேயே விஷி அரசாங்கம் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து விலக்கும் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. வெளிநாட்டு யூதர்களை முகாம்களில் அடைக்கவும் அதிகாரம் தரப்பட்டது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு மாலை, குருமனையின் கதவைத் தட்டும் சத்தம் கேட்டு மாக்தா போய்த் திறந்தார். பனியில் நனைந்து நடுங்கிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். உள்ளே வரலாமா என்று கேட்டாள். வாருங்கள் என்று மாக்தா அழைத்து, அடுப்பருகே உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்தார். நனைந்த காலணிகளைக் காய வைத்தார்.

பிறகு அவர், அரசாங்கம் என்றால் உதவத்தானே இருக்கிறது என்ற நம்பிக்கையில், அந்தப் பெண்ணுக்குத் தாள்கள் வாங்கித்தர நேரே ஊர்த் தலைவரிடம் போனார். அவருக்கோ கோபம் வந்துவிட்டது. ஒரு வெளிநாட்டு யூதப் பெண்ணுக்காக ஊரையே ஆபத்தில் தள்ளுவதா என்று கேட்டு, அவளை உடனே அனுப்பிவிடச் சொன்னார். விஷயம் அதிகாரிக்குத் தெரிந்துவிட்டதால் அவளை அங்கேயே வைத்துக்கொள்வதும் ஆபத்தாயிற்று. அவளை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டி வந்தது. அந்த நினைவு மாக்தாவை நெடுங்காலம் வருத்தியது. அன்று அவர் கற்ற பாடம், இனிமேல் அதிகாரிகளிடம் கேட்கக் கூடாது என்பதுதான். அடுத்தடுத்து வந்தவர்களைப் பற்றி அவர் யாரிடமும் கேட்கவில்லை.

ட்ரோக்மே மார்சேய் நகருக்குப் போய் அமெரிக்கக் குவேக்கர் சபையினரைச் சந்தித்தார். முகாம்களில் வாடுகிறவர்கள் மத்தியில் போய்ப் பணியாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். பெர்ன்ஸ் சாமர்ஸ் என்ற குவேக்கர் அவருக்கு வேறொரு தேவையை எடுத்துச் சொன்னார். முகாம்களுக்குள் போக ஆட்கள் உண்டு. பிள்ளைகளை வெளியே எடுக்கவும் சில வேளை வழி உண்டு. ஆனால் எடுத்த பிள்ளைகளை வைத்துக்கொள்ளத்தான் எந்த ஊரும் முன்வருவதில்லை. உங்கள் ஊர் அந்த ஊராக இருக்குமா என்று கேட்டார். ட்ரோக்மே திரும்பி வந்து சபை மூப்பர்களிடம் கேட்டார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 1941 முதல் பிள்ளைகளுக்கான இல்லங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. குவேக்கர்கள், சுவிஸ் நாட்டு உதவி அமைப்பு, சிமாட் என்ற புரோட்டஸ்டண்டு அமைப்பு, யூத அமைப்புகள் என்று பலரும் பணமும் ஆளும் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில்தான் வேதம் கேட்பது எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். மேடையிலிருந்து ஒருவர் பேச, மற்றவர் தலையாட்டுவதோடு அது முடியவில்லை. சபையில் 13 பொறுப்பாளர்களைப் போதகர் ஏற்படுத்தியிருந்தார். குறிப்பிட்ட ஒரு வேதப் பகுதியை அவர்களோடு உட்கார்ந்து படிப்பார். அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பகுதியில் ஒரு சிறு குழுவைக் கூட்டி அதே பகுதியைப் பேசுவார்கள். இந்த வசனம் நம்மிடம் இப்போது என்ன கேட்கிறது என்பதுதான் பேச்சு. யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில், விளக்கு வெளிச்சத்தில், ஆளுக்கு ஆள் கருத்துச் சொல்லி நடக்கும் கூட்டம். பிறகு அகதிகள் வரத் தொடங்கியபோது, எந்தப் பண்ணையில் இடம் இருக்கிறது, யாருக்குப் போர்வை வேண்டும், யாரை இடம் மாற்ற வேண்டும் என்ற செய்திகள் அந்தக் குழுக்கள் வழியாகவே போயின. திட்டமிட்டு அமைத்த இரகசிய இயக்கம் அல்ல அது. வேதபாட வகுப்பு தானாகவே அந்த வேலையையும் எடுத்துக்கொண்டது.

முழு விவரமும் எவருக்கும் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டில் யார் இருக்கிறார் என்று அடுத்த வீட்டுக்காரர் கேட்கவில்லை. கடிதங்களில் யூதர்களைப் 'பழைய ஏற்பாடு' என்று குறிப்பிட்டார்கள். இத்தனை பழைய ஏற்பாடுகளை அனுப்பி வைக்கிறேன் என்று எழுதினால், போதகர்கள் புத்தகம் அனுப்பிக்கொள்வதாகத் தபால்காரர் நினைத்துக்கொள்வார். மேட்டுநிலத்துப் பண்ணைகளில் டார்பிஸ்டுகள் என்ற கண்டிப்பான சகோதர சபையினரும் இருந்தார்கள். பழைய ஏற்பாட்டை நாள்தோறும் வாசிக்கிற அவர்களுக்கு யூதர் என்றால் ஆபிரகாமின் பிள்ளைகள், தேவன் தெரிந்துகொண்ட ஜனம். அரசாங்கம் வெறுக்கச் சொன்ன அதே பெயரைக் கேட்டு அவர்கள் மரியாதையோடு எழுந்து நின்றார்கள். புத்தகம் ஒன்றுதான். ஐரோப்பாவில் அதே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு யூதர்களைப் பழித்தவர்கள் ஏராளம்.

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸ் நகரில் பிரெஞ்சுப் போலீசாரே ஏறக்குறைய 13,000 யூதர்களைப் பிடித்தார்கள். அவர்களில் சுமார் 4,000 பேர் பிள்ளைகள். அடுத்த மாதம் விஷி அரசாங்கத்தின் இளைஞர் துறைத் தலைவர் லமிராண்டு லெ ஷம்போனுக்கு வருகை தந்தார். வேறு ஊர்களில் கிடைத்த ஆரவாரம் இங்கே இல்லை. எளிய விருந்து, எளிய வழிபாடு. அது முடிந்ததும் பெரிய வகுப்பு மாணவர்கள் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். பாரிசில் நடந்ததைக் கேள்விப்பட்டோம், எங்கள் மத்தியிலும் யூதர்கள் இருக்கிறார்கள், நாங்கள் வேறுபாடு பார்ப்பதில்லை, அது சுவிசேஷத்துக்கு விரோதம், அவர்களை ஒப்படைக்க உத்தரவு வந்தால் ஒளித்து வைப்போம் என்று அதில் எழுதியிருந்தது. ஒளித்து வைக்கப் போகிறவர்கள் அதை முன்கூட்டியே அரசாங்கத்துக்குக் கடிதமாகக் கொடுப்பது புத்திசாலித்தனமா என்று இன்று கேட்கலாம். புத்திசாலித்தனம் அல்லதான். இளவயது அப்படித்தான் பேசும்.

இரண்டு வாரம் கழித்துப் போலீசார் பேருந்துகளோடு வந்து இறங்கினார்கள். யூதர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுக்கும்படி போதகரிடம் கேட்டார்கள். அவர் மறுத்தார். யூதர் என்றால் யாரென்று தெரியாது, மனிதர்களை மட்டுமே தெரியும் என்றும், தாம் அவர்களுக்கு மேய்ப்பன் என்றும் அவர் சொன்னது ஊர் முழுவதும் பரவியது. அன்றிரவே செய்தி பண்ணைகளுக்குப் போய்விட்டது. மறுநாள் ஞாயிறு. ஆலயம் நிரம்பி வழிந்தது. அன்று எடுத்துக்கொண்ட வேதப் பகுதி உபாகமம் 19-ஆம் அதிகாரம். பழிவாங்க வருகிறவன் கையில் குற்றமில்லாத இரத்தம் சிந்தப்படாதபடி, ஓடிவருகிறவனுக்கு அடைக்கலப் பட்டணங்களை ஒதுக்கி வைக்கச் சொல்லும் பகுதி அது. எத்தனையோ முறை வாசித்துக் கடந்துபோன ஒரு பழைய சட்டம். அந்தக் காலையில் அதை விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, ஏனென்றால் ஆலயத்துக்கு வெளியே பேருந்துகள் நின்றுகொண்டிருந்தன.

போலீசார் சில வாரம் தங்கித் தேடினார்கள். பரண்களையும் வைக்கோல் போர்களையும் கிளறினார்கள். அகப்பட்டவர்கள் மிகச் சிலரே. பெரிய பேருந்தில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு மனிதரைச் சுற்றி ஊரார் கூடி, தங்கள் பங்கீட்டில் கிடைத்த அரிய பொருட்களைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள். அவரும் பிறகு விடுவிக்கப்பட்டார்.

போலி அடையாள அட்டை இல்லாமல் போலி பங்கீட்டு அட்டை கிடைக்காது. பங்கீட்டு அட்டை இல்லாமல் ரொட்டி கிடைக்காது. ஆகவே அட்டைகள் தயாராயின. அதில் கைதேர்ந்தவன் ஆஸ்கார் ரொசோவ்ஸ்கி என்ற பதினெட்டு வயது யூத இளைஞன். ஒரு பண்ணை வீட்டில் இருந்துகொண்டு முத்திரைகளையும் கையெழுத்துகளையும் செய்து குவித்தான்.

இங்கேதான் அவர்களை உண்மையிலேயே உறுத்திய ஒரு விஷயம் வருகிறது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதும் அதே வேதத்தில் உள்ள கட்டளை. பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை அதே பிள்ளைகளிடம் இன்று முதல் உன் பெயர் வேறு என்று சொல்ல வேண்டியிருந்தது. உயிரைக் காப்பாற்றத்தானே என்று பலர் சுலபமாகக் கடந்துபோவார்கள். அவர்களால் சுலபமாகக் கடக்க முடியவில்லை. போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகும் மாக்தா அந்தப் பொய்களைப் பற்றி வருத்தத்தோடுதான் பேசினார். செய்யாமல் இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. செய்ததால் மனம் சுத்தமாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

ட்ரோக்மேக்கே அந்தச் சோதனை வந்தது. 1943-இன் பிற்பகுதியில் தலைமறைவாக இருந்தபோது, வேறு பெயரில் எழுதிய அட்டையோடு லியோன் ரயில் நிலையத்தில் இறங்கினார். கூடவே சிறுவனான மகன். தொலைந்த பெட்டியைத் தேடிப் போன இடத்தில் ஜெர்மானியரிடம் சிக்கினார். அட்டையில் உள்ள பெயர் உன்னுடையதா என்று கேட்டால் என்ன சொல்வது? இல்லை என்று உண்மையைச் சொல்வதென்று அவர் முடிவு செய்தார். சொன்னால் சாவு என்பது தெரியும். கடைசியில் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. மகன் தனியாக நிற்கிறான், அழைத்து வருகிறேன் என்று மட்டும் கேட்டார். காவலோடு அனுப்பினார்கள். மீண்டும் வரிசையில் நிற்க வைத்தபோது கிடைத்த ஒரு நிமிடத்தில், மகனோடு கூட்டத்துக்குள் நழுவித் தப்பினார். ஊருக்கெல்லாம் பொய் அட்டை தேவைப்பட்டபோது தடுக்காதவர், தன் வாயால் ஒரு பொய் சொல்ல மட்டும் மறுத்தார் என்றால் அதில் முரண்பாடு இருக்கிறது. குடும்பத்துக்குப் பொறுப்புள்ள ஒரு தகப்பன் அப்படி முடிவெடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் நியாயம் உண்டு. வேதத்தின்படி நடப்பது எல்லா நேரத்திலும் ஒரே நேர்கோடாக இருப்பதில்லை.

கைது அதற்கு முன்பே ஒரு முறை நடந்திருந்தது. 1943 பிப்ரவரி 13-ஆம் தேதி மாலை இரண்டு போலீஸ் அதிகாரிகள் குருமனைக்கு வந்து ட்ரோக்மேக்காகக் காத்திருந்தார்கள். அவர் வந்ததும் கைது செய்தார்கள். பெட்டி கட்ட நேரம் ஆனது. சாப்பாட்டு வேளை. மாக்தா அந்த அதிகாரிகளையும் மேசைக்கு அழைத்துச் சாப்பாடு போட்டார். கணவரைக் கொண்டுபோக வந்தவர்களுக்கு எப்படிப் பரிமாற மனம் வந்தது என்று பிற்பாடு பலர் கேட்டபோது, சாப்பிடும் நேரம், அவர்களும் இருந்தார்கள், இதில் என்ன அதிசயம் என்பதுபோல் அவர் பதில் சொன்னார். சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற போதனையின் மேல் எழுதப்பட்ட பிரசங்கங்கள் எத்தனையோ.

செய்தி பரவி ஊரார் வரிசையாக வந்தார்கள். ஒளித்து வைத்திருந்த மீன் டின், மெழுகுவர்த்தி, சோப்பு என்று கொண்டுவந்தார்கள். யாரோ ஒருவர் கழிவறைக் காகிதச் சுருள் ஒன்றும் கொடுத்திருந்தார். போர்க்காலத்தில் அதுவும் கிடைக்காத பொருள்தான். முகாமில் அதைப் பிரித்துப் பார்த்தபோது, காகிதம் நெடுகப் பென்சிலால் வேதவசனங்கள் எழுதியிருந்தன. ஆறுதலான வசனங்களாகத் தேடி எடுத்து, மெல்லிய காகிதம் கிழியாமல், யாரோ பொறுமையாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

ட்ரோக்மே, தெய்ஸ், பள்ளி ஆசிரியர் டார்சிசாக் மூவரையும் லிமோஜ் நகருக்கு அருகிலுள்ள முகாமில் அடைத்தார்கள். அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகள். அவர்களும் மெல்ல மெல்ல வந்து இவர்களுடைய கூட்டங்களில் உட்காரத் தொடங்கினார்கள். ஒரு மாதம் கழிந்து விடுதலை உத்தரவு வந்தது. மார்ஷலுக்குக் கீழ்ப்படிவதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். டார்சிசாக் அரசுப் பள்ளி ஊழியர், கையெழுத்திட்டு வீட்டுக்குப் போனார். போதகர்கள் இருவரும் மறுத்தார்கள். ஆனாலும் சற்றுப் பின்னால் அவர்களையும் விட்டுவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவரை ஊரில் யாரும் கோழை என்று ஏசவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லாரும் தப்பவில்லை. 1943 ஜூன் 29-ஆம் தேதி காலை கெஸ்டாப்போ என்ற ஜெர்மானிய இரகசியப் போலீஸ், மாணவர் இல்லம் ஒன்றைச் சுற்றி வளைத்தது. அதன் பொறுப்பாளர் ட்ரோக்மேயின் உறவினரான டேனியல் ட்ரோக்மே. முப்பது வயதை ஒட்டிய ஆசிரியர், இருதய நோயாளி. அப்போது அவர் வேறொரு இல்லத்தில் இருந்தார். காட்டுக்குள் ஓடியிருக்கலாம். தன் மாணவர்கள் இருக்கும் இடத்துக்குப் போவதென்று தீர்மானித்தார். மாக்தா செய்தி கேட்டு மிதிவண்டியில் விரைந்து வந்தார். மாணவர்களில் ஒரு ஸ்பானிய இளைஞன், சில வாரங்களுக்கு முன் ஆற்றில் மூழ்கிய ஒரு ஜெர்மானிய வீரனைக் காப்பாற்றியவன். காயமடைந்த ஜெர்மானியர்கள் ஓய்வெடுக்கும் விடுதி அதே ஊரில் இருந்தது. மாக்தா அங்கே போய் அதிகாரிகளைச் சாட்சிக்கு அழைத்து வந்து, அவன் ஒருவனை மீட்டார். 18 மாணவர்களும் டேனியலும் கொண்டுபோகப்பட்டார்கள். டேனியல் 1944 ஏப்ரலில் போலந்திலுள்ள மைதானெக் முகாமில் இறந்தார். ஊர் மருத்துவர் ரோஜர் லெ ஃபொரெஸ்தியே, ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் சுவைட்சரோடு பணிபுரிந்தவர், 1944 ஆகஸ்டு 20-ஆம் தேதி லியோன் நகருக்கு அருகில் மற்றக் கைதிகளோடு கொல்லப்பட்டார்.

அந்த மேட்டுநிலத்தில் ஏறக்குறைய 5,000 பேர் அடைக்கலம் பெற்றார்கள், அவர்களில் 3,000 முதல் 3,500 பேர் யூதர்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அது அதிகம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. பட்டியல் எழுதி வைக்காதவர்களின் கதையில் இப்படித்தான் ஆகும். ட்ரோக்மே ஒருவரையே கதாநாயகனாக்கும் வழக்கத்தையும் பிற்கால ஆய்வாளர்கள் திருத்தியிருக்கிறார்கள். சுற்றியுள்ள பல ஊர்களின் போதகர்கள், கத்தோலிக்கர்கள், நாத்திகர்கள், ஆயுதமேந்திய விடுதலைப் போராளிகள், இரவோடு இரவாகப் பிள்ளைகளைச் சுவிஸ் எல்லை வரை அழைத்துப்போன சாரணர்கள், பெண்கள் என்று அதில் பலர் உண்டு. ஆங்கிலத்தில் இந்தக் கதையைப் பரப்பியது பிலிப் ஹாலி 1979-இல் வெளியிட்ட நூல். அதன் தலைப்பே அந்த உபாகமப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது.

ட்ரோக்மே 1971-இல் மறைந்தார். மாக்தா 1996 வரை வாழ்ந்தார். யூதர்களைக் காப்பாற்றியவர்களை இஸ்ரேலின் யாட் வாஷெம் நிலையம் தனித்தனியாகக் கௌரவிப்பது வழக்கம். 1990-இல் லெ ஷம்போனையும் சுற்றுவட்டார ஊர்களையும் அது ஒட்டுமொத்தமாகக் கௌரவித்தது. 2013-இல் ஊரில் ஒரு நினைவகம் திறக்கப்பட்டது. ஒருவரையொருவர் நேசிக்கச் சொல்லும் வாசகம், போருக்கு முன்பிருந்தது போலவே ஆலய வாசலின் மேல் கல்லில் இருக்கிறது.

1944 மார்ச்சில் அங்கே ஒளிந்திருந்த ஒரு யூதத் தம்பதிக்குப் பிறந்த குழந்தைதான் பியர் சோவாஜ். வளர்ந்து திரைப்பட இயக்குநரானார். 1980-களில் ஒளிப்பதிவுக் கருவியோடு பிறந்த ஊருக்குத் திரும்பி வந்து, அப்போது உயிரோடிருந்த முதியவர்களைப் பேட்டி கண்டார். ஏன் செய்தீர்கள், பயமாக இல்லையா என்று கேட்டார். அவர்களிடமிருந்து நீண்ட பதில்கள் வரவில்லை. வந்தார்கள், வைத்துக்கொண்டோம் என்றார்கள். கேட்ட கேள்வி அவர்களில் சிலருக்குச் சரியாக விளங்கவே இல்லை.